உறியில் ஒரு வங்கி, நாலு காலில் ஒரு வங்கி



ஹாங்காங்கில் இரண்டு வங்கிகளுக்குள் வாஸ்துச் சண்டை என்று ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. ஒன்று ஆங்கிலேயர் காலத்து ஹெச்.எஸ்.பி.சி. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த அதன் தலைமையகம் 1985-இல் கட்டி முடிந்தது. மற்றது சீன அரசின் பேங்க் ஆஃப் சைனா. ஐ.எம்.பெய் வடிவமைத்த அதன் கோபுரம் 1990-இல் திறக்கப்பட்டது. இரண்டும் ஒரே பகுதியில்தான். சீன வங்கியின் கூரிய விளிம்புகள் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன, அதில் ஒன்று ஆளுநர் மாளிகையையே குறிபார்க்கிறது என்றார்கள் ஃபெங் ஷுய் என்ற சீன வாஸ்து பார்ப்பவர்கள். பதிலுக்கு ஹெச்.எஸ்.பி.சி. மொட்டைமாடியில் பீரங்கி ஏற்றிவிட்டதாகப் பேச்சு. அது கட்டடத்தைப் பராமரிக்க வைத்திருக்கும் கிரேன். ஃபெங் ஷுய்யை மதிக்கவில்லை என்று பேர் வாங்கிய சீன வங்கிகூட, கோபுரத்தின் உச்சியை எட்டிய விழாவை 1988-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் தேதிதான் வைத்தது. எட்டு அந்த ஊரில் ராசியான எண்.

கதை இருக்கட்டும். ஒரு கட்டடத்தின் குணத்தை அறிய, அது தன் பாரத்தை எப்படித் தரைக்கு இறக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

வழக்கமாக அலுவலகக் கோபுரத்தின் நடுவில் லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் அடங்கிய ஒரு தண்டு இருக்கும். மாடிகள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஃபாஸ்டர் அந்தத் தண்டையே எடுத்துவிட்டார். லிஃப்ட்டும் கழிப்பறையும் ஓரத்துக்குப் போயின. எட்டு எஃகுக் கம்பங்கள், ஒவ்வொன்றும் நான்கு குழாய்களைச் சேர்த்துக் கட்டியது. அவற்றுக்குக் குறுக்கே ஐந்து மட்டங்களில் ராட்சத எஃகுச் சட்டங்கள். மாடிகள் அந்தச் சட்டங்களிலிருந்து கீழே தொங்குகின்றன, உறியில் அடுக்கிய பானைகள் மாதிரி. வெளியே நின்று பார்த்தாலே எது எதைத் தாங்குகிறது என்று புரிந்துவிடும். நடு முற்றத்துக்கு வெளிச்சம் வர, தெற்குச் சுவருக்கு வெளியே வரிசையாகக் கண்ணாடி வைத்து வெயிலைப் பிடித்து உள்ளே திருப்பியிருக்கிறார்கள். கழிப்பறைகளும் ஏசி அறைகளும் தொழிற்சாலையில் முழுதாகச் செய்யப்பட்டு, கப்பலில் வந்து மாட்டப்பட்டவை. செலவு 500 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டியது. அன்றைக்கு உலகிலேயே அதிகச் செலவில் எழுந்த கட்டடம் என்றார்கள்.

பெய்க்கு அவ்வளவு பணம் கிடையாது. கிடைத்த மனையும் சரிவான இடம், சுற்றிலும் சாலைகளும் மேம்பாலங்களும். ஆனால் விட்டுக்கொடுக்க முடியாத வேலை. அவருடைய தந்தையே அந்த வங்கியின் ஹாங்காங் கிளையைத் தொடங்கி நடத்தியவர். ஹெச்.எஸ்.பி.சி.யின் உயரம் 179 மீட்டர். பெய் 315 மீட்டர் ஏற்றினார், உச்சியில் உள்ள இரண்டு கம்பங்களையும் சேர்த்தால் 367. அமெரிக்காவுக்கு வெளியே ஆயிரம் அடியைத் தாண்டிய முதல் கட்டடம் அது. புயல் அடிக்கும் ஊரில், குறைந்த எஃகில் இது எப்படி முடிந்தது?

நியூயார்க் இரட்டைக் கோபுரங்களுக்குக் கணக்குப் போட்ட பொறியாளர் லெஸ்லி ராபர்ட்சன்தான் இதற்கும் துணை. சதுரமான கட்டடத்தை மூலைவிட்டங்களால் நான்கு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வோர் உயரத்தில் நிறுத்திவிட்டார்கள். முகப்பில் தெரியும் சாய்வுச் சட்டங்கள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. காற்றின் தள்ளலையும் மாடிகளின் பாரத்தையும் அவைதான் மூலைக்குக் கொண்டுபோகின்றன. உச்சியிலிருந்து ஐந்தாவதாக ஒரு நடுத்தூண் இறங்கி வந்து, 25-ஆம் மாடியோடு நின்று, தன் சுமையையும் மூலைகளிடம் கொடுத்துவிடுகிறது. அதற்குக் கீழே நாலே தூண்கள்தான். அந்த மூலைகளில் பல திசைகளிலிருந்து வரும் எஃகுச் சட்டங்களை ஒன்றோடொன்று பற்றவைப்பது பெரும் செலவு. ராபர்ட்சன் அவற்றைச் சேர்க்கவே இல்லை. தனித்தனியே நிறுத்தி, சுற்றிக் கான்கிரீட்டைக் கொட்டினார். கான்கிரீட்டே அவற்றைக் கட்டிப்போட்டுவிட்டது. சாமர்த்தியம் என்று பார்த்தால் என் மார்க் பெய்க்கும் ராபர்ட்சனுக்கும்தான். துறைமுகத்தில் ஸ்டார் ஃபெரி படகிலிருந்து பார்த்தாலும் கண் அந்தக் கோபுரத்துக்கே போகும்.

படகை விட்டு இறங்கி நடந்து போனால் கதை மாறிவிடும். சீன வங்கியின் அடிப்பகுதி கருங்கல் போர்த்திய கோட்டை. இரு பக்கமும் நீரோடும் தோட்டங்கள் இருந்தும், கடந்து போகிறவரை உள்ளே கூப்பிடும் முகம் அதற்கில்லை. ஹெச்.எஸ்.பி.சி.யின் அடியிலோ கதவும் இல்லை, சுவரும் இல்லை. மாடிகள் மேலே தொங்குவதால் தரை காலியாகவே கிடக்கிறது. இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்கு வங்கியின் வயிற்றுக்குக் கீழேயே நடந்துவிடலாம். வாசலில் 1935-இல் முதலில் வைக்கப்பட்ட இரண்டு வெண்கலச் சிங்கங்கள். ஸ்டீஃபன் என்கிற சிங்கத்தின் உடம்பில் இரண்டாம் உலகப் போரின் குண்டுச் சில்லுகள் துளைத்த வடு இன்றும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அங்கே நிற்க இடம் இருக்காது. ஹாங்காங் வீடுகளில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது விதி. வாரத்தில் ஒரு நாள்தான் விடுப்பு. அந்த ஒரு நாளைக் கழிக்கச் சொந்தமாக ஒரு திண்ணைகூட அவர்களுக்குக் கிடையாது. அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, சோற்று டப்பாவைத் திறந்து, சீட்டாடி, ஒருவருக்கொருவர் நகம் வெட்டிவிட்டுச் சாயங்காலம் வரை அங்கேயே இருப்பார்கள்.

இதை வங்கியின் தாராளம் என்று நினைத்துவிடக் கூடாது. தரையைப் பொதுவழிக்கு விட்டதற்கு ஈடாக, கூடுதல் பரப்பு கட்டிக்கொள்ள அரசு அனுமதி தந்தது. 2011 அக்டோபரில் வங்கிகளை எதிர்த்துப் போராடியவர்கள் அதே இடத்தில் கூடாரம் அடித்தபோது, ஹெச்.எஸ்.பி.சி. நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கி, 2012 செப்டம்பரில் அவர்களை வெளியேற்றியது. அப்படியிருந்தும், இரண்டில் எது நல்ல கட்டடம் என்று கேட்டால் நான் ஹெச்.எஸ்.பி.சி. பக்கம்தான். அங்கே கணக்கு இல்லாதவரும் அதற்கடியில் உட்காரலாம்.