தபசு மரமும் நான்காவது மாடியும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர், லிப்ட், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கலையைப் பற்றிக் கேட்கவும் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். நன்றி.

அந்தரத்தில் ஆடுவது, கூடவே நேரடி இசை என்றதும் பலருக்கு வெளிநாட்டுக் காணொளிகள்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1991-இல் அமீலியா ருடால்ஃப் தொடங்கிய ‘பேண்டலூப்’ குழுவினர், மலையேறும் கயிற்றைக் கட்டிக்கொண்டு உயரமான கட்டடச் சுவர்களில் ஆடுகிறார்கள். அருமையான கலை. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நம் தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களிலும் ஒருவர் உயரத்தில் ஏறிப் பாடி ஆடுகிறார். திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் நடக்கும் ‘அர்ச்சுனன் தபசு’தான் அது.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாரத விழா பல ஊர்களில் 18 நாள் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. வனவாசத்தில் இருக்கும் அர்ச்சுனன், சிவனிடம் பாசுபத அஸ்திரம் வாங்கத் தவம் செய்யப் போகிறான். அந்தத் தவ மலைதான் தபசு மரம். நீண்ட பனை மரத்தை நட்டு, ஏறுவதற்குக் கட்டைகள் வைத்து, உச்சியில் சின்னப் பரண் கட்டுவார்கள். நாற்பது அடி மரம் என்றால் நம் நான்காவது மாடி உயரம். தவக்கோலத்தில் ஒருவர் பாடிக்கொண்டே அதில் ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், பூ, விபூதி எல்லாம் போடுவார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள்.

எல்லோருடைய கண்ணும் மரத்தின் மேலேயே இருக்கும். நீங்கள் ஒருமுறை கீழேயும் பாருங்கள். மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம், பின்பாட்டு என்று ஒரு குழுவே இருக்கும். மேலே இருப்பவர் ஓர் அடி பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்தில்தான் அவர் மூச்சு வாங்கிக்கொள்கிறார், அடுத்த கட்டையில் கால் வைக்கிறார். கால் தயங்கினால் இன்னொரு முறை பாடுவார்கள். மிருதங்கக்காரர் அவர் காலைப் பார்த்துத்தான் வாசிப்பார். மரத்தை நட்டு இறுக்கியவர்களும் இந்தக் குழுவில் சேர்த்தி. ஆடுபவர் ஒருவர், தாங்குபவர்கள் பத்துப் பேர்.

அதனால்தான் சொல்கிறேன், செலவைக் குறைக்க நினைத்து வாத்தியக்காரர்களைக் குறைத்துவிட்டு ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவது சரியல்ல. பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் நிற்காது. தரையில் ஆடுபவர் ஒரு தாளத்தைத் தவறவிட்டால் அடுத்த தாளத்தில் சேர்ந்துகொள்ளலாம். நாற்பது அடி உயரத்தில் அந்த அவசரம் ஆளையே தள்ளிவிடும்.

இன்னொன்று. நம் கட்டடத்துக்கு வெளிச்சுவர் பெயின்ட் அடிக்க வரும் தொழிலாளிக்கு இடுப்புப் பட்டையும் கயிறும் இருக்கிறதா என்று பார்க்கிறோம். அதே உயரத்தில் ஏறும் கலைஞருக்கும் அது வேண்டாமா? “சாமி பார்த்துக்கொள்ளும்” என்பார்கள். பேண்டலூப்பில் கயிறு கட்டிக் கண்காணிப்பவர்கள் இல்லாமல் ஆட்டமே கிடையாது. காவி வேட்டிக்குள்ளே ஒரு பட்டை இருந்தால் அர்ச்சுனனின் தவம் குறைந்துவிடாது.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். விழாக் காலத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து நன்கொடை கேட்டு நம் வாசலுக்கு வருகிறார்கள். கொடுங்கள். கொடுக்கும்போது, “மரம் ஏறுபவருக்குப் பாதுகாப்புக் கயிறு உண்டா? வாத்தியக்காரர்கள் முழுக் குழுவாக வருகிறார்களா?” என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இரண்டாவது, காப்பீடு. பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் காப்பீடு கிடைக்கும். நம்மில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் இருந்தால், கூத்துக் குழுவினருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யவும் உதவலாம்.

மூன்றாவது, பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போய் அர்ச்சுனன் தபசு சிற்பத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதே தபசை உயிரோடு பாடி ஆடுகிறவர்கள் நம் மொரப்பூர்ப் பக்கத்திலும் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த விழாவுக்கு நாம் ஒரு வேன் பிடித்துச் சேர்ந்தே போகலாம். வர விரும்புகிறவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.