மலை ஏறும் தக்காளி

  

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்றுமுதல் இந்த மலையின் விளைச்சல் விற்பனைக்காகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. இங்கே குழம்புக்கு வேண்டிய தக்காளியும் வெங்காயமுமோ சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் கடந்து மேலே வருகின்றன. ஏற்காடு வந்த சரக்கு தலைச்சோலை போன்ற உள்கிராமங்களுக்குப் போக இன்னொரு வண்டி வேண்டும். அந்த வாடகையும் காயின் தலையில்தான் விழுகிறது. அந்த விலையில், கூலி வேலை செய்பவர் வீட்டில் கால் கிலோ வாங்கியவர் நூறு கிராமோடு நிறுத்திக்கொள்வார்.

அரிசிக்கு இந்தப் பாடு இல்லை. 2011 ஜூன் முதல் ரேஷனில் அது விலையில்லாமல் கிடைக்கிறது. அதைக் குறை சொல்பவர் பசி அறியாதவர். ஆனால் 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முகப்பில் ஊட்டச்சத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, கடையில் தானியத்தை மட்டும் அளந்து போடுகிறது. நம் மாநிலம் பருப்பும் பாமாயிலும் சேர்த்துக்கொண்டது. காய்க்கும் கீரைக்கும் ரேஷன் கார்டில் இன்னும் இடமில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மலைமக்கள் பழைய சாப்பாட்டை விட்டுவிட்டார்கள் என்று கருத்தரங்குகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஏன் விட்டார்கள்? கொல்லிமலையைப் பாருங்கள். அங்கும் இங்குபோலவே மலையாளிப் பழங்குடியினர்தான். சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் ஜவ்வரிசி ஆலைக்கான மரவள்ளி வந்தது. ஊடுபயிராக நின்ற அவரையும் அதோடு போயிற்று. காசு ஒரு காரணம். உரல் இன்னொரு காரணம். சாமையை உமி போகக் குத்துவது பெண்கள் தலையில் விழுந்த வேலை. அரிசி வந்ததும் உலக்கையைக் கீழே வைத்தார்கள். அவர்களை யார் குற்றம் சொல்ல முடியும்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விதையோடு நிற்காமல் உமி நீக்கும் இயந்திரத்தையும் கொண்டுபோனது. எனக்குப் பிடித்தது அந்த இயந்திரம்தான். பாரம்பரியப் பெருமை பேசும் மேடைகளில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ரேஷன் கார்டில் கிடைப்பதும் மாறாத ஒன்றல்ல. 2023 மே மாதம் நீலகிரியிலும் சேலத்துக்குப் பக்கத்துத் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதே கடைகள் வழியாக மலைக் கிராமங்களுக்குக் காய்கறியும் ஏன் வரக்கூடாது? அழுகும் பொருள் என்பார்கள். அழுகாமல் கொண்டுசேர்க்க என்ன வழி என்பதுதான் நம் ஆய்வுக்குரிய கேள்வி.

இந்தக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'பழங்குடியினரிடையே ஊட்டச்சத்துக் குறைபாடு' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எந்த ஊர், எந்த மாதம், தக்காளி சந்தையில் என்ன விலை, ஊருக்குள் என்ன விலை என்று எழுதுங்கள். மழையில் பாதை அடைபட்ட வாரத்தை விட்டுவிடாதீர்கள். முடிவுகளைத் தமிழில் எழுதி, அந்த ஊர்க் கிராமசபையிலேயே படித்துக் காட்டுங்கள். முதல் அமர்வில் மலைக் கிராமத்துப் பெண்கள் பேசட்டும். பேராசிரியர்கள் பிற்பகலில் பேசலாம்.