செங்கணத்து ரெட்டியார் காட்டிய வழி

உ.வே.சாமிநாதையர் என்றதும் அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரும் கூடவே வந்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளையவர்களிடம் ஐயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் யார்?

அரியலூர்ச் சடகோபையங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, கார்குடிக் கஸ்தூரி ஐயங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார். பெயரோடு ஊரும் ஒட்டிக்கொண்டு வருவதைக் கவனியுங்கள். ஐயருடைய தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். பையனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க எந்த ஊரில் ஆள் இருக்கிறார் என்று கேள்விப்பட்டாரோ அந்த ஊருக்குக் குடும்பத்தையே அழைத்துப் போனார். அங்கே கதை சொல்லிப் பிழைப்பு, மகனுக்குப் பாடம்.

செங்கணத்தில் ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகையைப் பாடம் சொன்னார். நல்ல மாணாக்கன் கிடைத்தால் தம்மோடு வைத்துக்கொள்ளத்தான் யாருக்கும் ஆசை வரும். ரெட்டியாரோ, இனிமேல் படிக்க வேண்டுமானால் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போங்கள் என்று வழிகாட்டினார். என்னைக் கேட்டால், காரிகையைச் சொல்லிக்கொடுத்ததைவிட இது பெரிய காரியம். 1871-இல் தகப்பனாரும் மகனும் மாயவரம் போய்ச் சேர்ந்தார்கள்.

பிள்ளையவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள் பாடியவர். சாதி சமயம் பாராமல் பாடம் சொன்னவர். அவருடைய மாணாக்கர்களில் சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். ஐயருடைய வேங்கடராமன் என்ற பெயரை விட்டுவிட்டுச் சாமிநாதன் என்றே நிலைக்கச் செய்தவரும் இவர்தான். பிள்ளையவர்களுக்குச் சங்கீதம் பிடிக்காது. மாயவரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டுப் படிக்கத் தொடங்கிய ஐயர், ஆசிரியருக்காக அதை நிறுத்திக்கொண்டார். சங்கீதக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது லேசான காரியமா? பின்னாளில் பாரதியாருக்கும் ஒரு வரலாறு எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

1876-இல் பிள்ளையவர்கள் காலமானார். நாலு ஆண்டுக்குப் பிறகு, அவருடைய பழைய மாணாக்கர் தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரித் தமிழ்ப் பண்டிதர் வேலையிலிருந்து விலகியபோது, அந்த இடத்துக்கு ஐயரைச் சிபாரிசு செய்தார். அந்த வேலையில் இருந்துகொண்டுதான் 1887-இல் ஐயர் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். பிற்காலத்தில் திருவல்லிக்கேணியில் அவர் வாங்கிய வீட்டுக்குச் செட்டியார் நினைவாகத் தியாகராச விலாசம் என்று பெயர். 2012-இல் அதை இடித்துவிட்டார்கள்.

வீடு போகட்டும், எழுத்து இருக்கிறது. எழுபத்தெட்டு வயதில், ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், 1933-லும் 1934-லும் பிள்ளையவர்களுடைய வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஆசிரியர் பட்ட கடனையும் தொல்லையையும் அதில் மறைக்கவில்லை. வெறும் துதி பாடியிருந்தால் இன்று யார் படிப்பார்கள்?

1940-இல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். 1942-இல் அவர் காலமானபோது கதை, அவர் 1898-இல் வெளியிட்ட மணிமேகலைப் பதிப்போடு நின்றுபோயிற்று. 1898-க்குப் பிந்திய வாழ்க்கை அதில் ஏறவே இல்லை. நல்லவேளை, அரியலூரும் குன்னமும் கார்குடியும் செங்கணமும் முன்பகுதியிலேயே வந்துவிட்டன.