பஞ்சத்துக்கும் பணமுடைக்கும் ஆகாயமா காரணம்?



பாங்கி முறிந்து, வியாபாரம் படுத்து, கூலிக்காரன் வயிறு காய்கிற காலங்களில் அதற்கு என்னென்ன காரணம் சொல்லப்பட்டு வந்திருக்கிறது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகின்றேன்.

பணம் போட்டவர்களெல்லாம் ஒரேயடியாய்ப் பயந்து பாங்கிக்கு ஓடுவதை வெள்ளைக்காரர் "பேனிக்" என்பார்கள். அவ்வார்த்தை, காட்டில் போகிறவர்களைத் திடீரென்று மிரட்டுவதாகச் சொல்லப்பட்ட, ஆட்டுக்கால் படைத்த பான் என்னும் கிரேக்க சாமியின் பெயரிலிருந்து வந்ததாகும். நம்மவர்களோ 1876-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்தைத் "தாது வருஷப் பஞ்சம்" என்றார்கள். ஏதோ தாது என்கிற வருஷம் வந்து நெல்லைத் தின்றுவிட்டது போல!

"இதெல்லாம் பாமரர் பேச்சு" என்று சிலர் சொல்லக்கூடும். சரி, படித்தவர் பேச்சைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஜெவன்ஸ் என்று ஒரு பொருளாதார நிபுணர் இருந்தார். தர்க்க சாஸ்திரத்தில் பெரிய பெயர் பெற்றவர். அவர் 1878-ல், சூரியனிலுள்ள கரும்புள்ளிகள் 10.45 வருஷத்துக்கொரு முறை கூடிக் குறைகின்றன; அதனால் இந்தியாவில் விளைச்சல் மாறுகிறது; இந்தியன் கையில் காசில்லாவிட்டால் இங்கிலாந்துச் சரக்கு விற்பதில்லை; ஆகவே அங்கே வியாபாரம் முறிகிறது என்றார். அதற்கு முன் 1875-ல் அவரே இக்கணக்கை 11.1 வருஷம் என்று வைத்திருந்தார்!

நம் சோதிடன் சனியைக் காட்டினான்; அவர் சூரியனைக் காட்டினார். ஆனால் ஒரு வித்தியாசமுண்டு. ஜெவன்ஸ் கணக்கைக் காட்டிப் பேசினபடியால், மற்றவர்கள் அதைச் சோதித்துத் தள்ளிவிட முடிந்தது. சோதிடனை எந்தக் கணக்கில் சோதிப்பது?

தோழர்களே! அப்பஞ்சத்தில் மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் செத்ததாய்க் கணக்கிடப்படும் அந்த வருஷங்களில் இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்றே, அதுவும் மழையின் குற்றமா? லிட்டன் சர்க்கார் தானிய வியாபாரத்தில் தலையிடமாட்டோம் என்றதே, அது சூரியனின் உத்தரவா? 1877-ல் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலையில் பாடுபடும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று திட்டம் செய்தாரே, அது எந்தக் கிரகத்தின் பார்வை?

கை ஆகாயத்தைக் காட்டுகிற வரையில் களஞ்சியத்துச் சாவி வைத்திருக்கிறவனுக்குப் பயமில்லை. ஆதலால் இனி விலை ஏறினாலும் வேலை போனாலும், யாகத்துக்கும் பொங்கலுக்கும் பணம் வசூலிக்க வருகிறவனைத் திருப்பி அனுப்புங்கள். தானியம் யாரிடம் இருக்கிறது, விலையை யார் வைத்தது, லாபம் யாருக்குப் போயிற்று என்கிற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதில் கிடைக்கும் வரையில் விடாமல் கேளுங்கள்.