மனக்கவலையும் சீன வைத்தியமும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

  

இன்று பேசும்படி காரியதரிசியவர்கள் எனக்குக் குறித்தளித்த விஷயம் சீன வைத்தியம். நம்மவரிற் சிலர் தொழில் நிமித்தம் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்து வந்தவர்கள். அங்கே சீனருடைய மருந்துக் கடைகளில் சுவர் முழுதும் சிறு இழுப்பறைகள் அடுக்கியிருப்பதையும், வேரையும் பட்டையையும் தராசில் நிறுத்துக் காகிதத்தில் மடித்துத் தருவதையும் அவர்கள் கண்டிருப்பார்கள். காரணமின்றி நெஞ்சு படபடத்தல், ஓயாத கவலை, உறக்கமின்மை ஆகியவற்றிற்கு அவ்வைத்தியம் உதவுமா என்று நம் குடும்பங்களில் இப்பொழுது பலர் விசாரிக்கின்றனர். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அதைத் தொடங்கலாமா என்று கேட்போரும் உளர். இந்தக் கடைசிக் கேள்வியை முன்னிட்டே நான் இங்கு வர இசைந்தேன்.

சீனருடைய ஆதி வைத்திய நூலாகிய ‘ஹுவாங் தீ நெய் ஜிங்’, கிறிஸ்து பிறப்பதற்கு நூறு இருநூறு ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டதென்று அறிஞர் கொள்வர். உடலை வேறாகவும் மனத்தை வேறாகவும் அது பிரித்து வைப்பதில்லை. கோபம் ஈரலையும், மிதமிஞ்சிய களிப்பு இருதயத்தையும், ஓயாத சிந்தனை மண்ணீரலையும், துக்கம் நுரையீரலையும், பயம் சிறுநீரகத்தையும் பற்றியவை என்பது அவர்கள் கொள்கை. உடலெங்கும் ஓடும் உயிர்க்காற்றை அவர்கள் ‘ச்சி’ என்பார்கள். நம்மவர் பிராணன் என்றும் வாயு என்றும் சொல்வதற்கு அது ஏறக்குறைய ஒப்பாகும். மனம் புழுங்குங்கால் அக்காற்று ஓரிடத்தில் தேங்கி நிற்கும் என்றும், தேக்கத்தை நீக்குவதே சிகிச்சை என்றும் கொண்டார்கள். உடலை அறுத்துப் பார்த்து அறிந்த சாஸ்திரமன்று இது. ஆயினும் கவலையுற்றவனுக்குப் பசி போகிறது, வயிறு கலங்குகிறது, தொண்டை அடைக்கிறது என்பதை உற்று நோக்கி அறிந்த கண்கள் அவை என்பதில் ஐயமில்லை.

கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜொங்ஜிங் என்னும் வைத்தியரின் நூலில், அடிக்கடி துக்கித்து அழுது, ஆவி பிடித்தவர்போல் காணப்படும் பெண்களுக்கு ஒரு கஷாயம் சொல்லியிருக்கிறது. அதில் சேரும் சரக்குகள் மூன்றே: கோதுமை, அதிமதுரம், இலந்தை இனத்துச் சீனப் பழம். பேயோட்டியை அழைக்காமல் கோதுமைக் கஞ்சியைப் போன்ற ஒன்றைக் கொடுக்கச் சொன்ன அந்தப் புத்தியை நான் பெரிதும் மதிக்கிறேன். பின்னர் ஸொங் அரசர் காலத்தில், 1076-ல் தலைநகராகிய காய்ஃபெங்கில் அரசாங்க மருந்துசாலை ஒன்று ஏற்பட்டது. அதன் மருந்துமுறைத் தொகுப்பில் ‘ஸியாவ் யாவ் ஸான்’ என்ற சூரணம் காணப்படுகிறது. கவலையற்றுத் திரிதல் என்பது அப்பெயரின் கருத்து. இஞ்சியும், புதினா இனத்து இலையும், அதிமதுரமும், நமக்குப் பழக்கமில்லாத வேறு சில வேர்களும் அதிற் சேரும். இன்றும் அது சீனாவில் பெரு வழக்கில் உள்ளது.

12-ம் நூற்றாண்டிற் பிறந்த ஜாங் த்ஸொங்ஜெங் என்பவரைப் பற்றி அவருடைய நூலிலேயே ஒரு கதை உண்டு. செல்வர் வீட்டு அம்மையார் ஒருவர் மிகுந்த சிந்தனையால் இரண்டு ஆண்டுகளாக உறக்கமின்றி வருந்தினார். நாடி பார்த்த வைத்தியர், கணவரோடு இரகசியமாகப் பேசிக்கொண்டு, ஏராளமான பணத்தை வாங்கி, அவ்வீட்டிலேயே பல நாள் மதுவருந்திக் களித்து, மருந்து ஒன்றும் எழுதாமற் போய்விட்டார். அம்மையாருக்கு அடங்காத கோபம் வந்தது; வேர்த்துக் கொட்டிற்று; அன்றிரவே ஆழ்ந்து உறங்கினார். மண்ணீரலைப் பற்றிய சிந்தனையை ஈரலைப் பற்றிய கோபம் வெல்லும் என்பது அதற்கு அவர்கள் கூறும் நியாயம். (பணத்தை வாங்கிக்கொண்டு மருந்து கொடாமற் போகும் வைத்தியர் இக்காலத்தும் உண்டு, ஆனால் நமக்கு உறக்கம் வருவதில்லை.)

சீனர் யாவரும் இவ்வைத்தியத்தை ஒருமுகமாகப் போற்றினார்கள் என்று எண்ண வேண்டாம். 1929-ல் பழைய வைத்தியத்தையே ஒழித்துவிட வேண்டுமென்று நான்கிங் அரசாங்கத்தின் சுகாதாரச் சபையில் தீர்மானமாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு 17-ம் தேதி நாட்டின் பல பாகங்களினின்றும் வைத்தியர்கள் ஷாங்காயிற் கூடி எதிர்த்ததன் பேரில் அது கைவிடப்பட்டது. 1949-ல் வந்த புதிய அரசு இரு வைத்தியங்களையும் இணைத்து நடத்தத் தலைப்பட்டது. இன்று சீனாவின் பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ஊசி வைத்தியரும் நவீன டாக்டரும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றனர். ஒன்றை விட்டு மற்றொன்று என்பது அங்கேயே வழக்கமில்லை என்பதை நம்மவர் கவனிக்க வேண்டும்.

1980-ல் ஆர்தர் கிளைன்மன் என்னும் அமெரிக்க மனநோய் வைத்தியர், ஹுனான் மாகாணத்து வைத்தியக் கல்லூரியில் நரம்புத் தளர்ச்சி என்று பெயரிடப்பட்ட 100 பேரைப் பரிசோதித்தார். தலைவலி, அயர்ச்சி, தூக்கமின்மை என்று உடலைப் பற்றியே அவர்கள் முறையிட்டார்கள். மனம் நொந்திருக்கிறது என்று தாமாகச் சொன்னவர் மிகச் சிலர். ஆயினும் அவருள் 87 பேருக்குக் கடுமையான மனச்சோர்வு நோய் இருப்பதாக அவர் கண்டார். பலருக்குப் பதற்ற நோயும் கூடவே இருந்தது. மருந்தினால் உடற்குறிகள் தணிந்தபின்னும், வேலையிலும் குடும்பத்திலும் இருந்த இடுக்கண் தீராதவர்கள் தாம் குணமானதாகக் கருதவில்லை.

இது சீனருக்கு மட்டும் உரியதா? நம் வீடுகளில் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமே என்று அஞ்சி, மூன்று ஆண்டுகள் ‘பித்தம், கிறுகிறுப்பு’ என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களை இச்சபையிலுள்ள தாய்மார்கள் அறிவார்கள். பித்தத்திற்கென்று வாங்கும் சூரணம் அந்த மூன்று ஆண்டுகளை நான்காக்கவும் கூடும். சீன மூலிகையைப் பற்றி எனக்குள்ள முதற் பயம் இதுவே. விஷத்தைப் பற்றிய பயம் இரண்டாவதுதான்.

இனிப் பலன் எவ்வளவு என்று பார்ப்போம். மயிரிழை போன்ற ஊசியை மணிக்கட்டின் சுண்டுவிரற் பக்கத்து மடிப்பிலும், முன்கையின் உட்புறத்திலும், புருவ மத்தியிலும் நாட்டுவது பதற்றத்திற்கு அவர்கள் கையாளும் முறைகளுள் ஒன்று. பலர் இதனால் ஆறுதல் அடைகின்றனர். ஆனால் சோதனைகள் பலவற்றில், உரிய இடத்தில் குத்தினவர்களும், பொய்யாகக் குத்துவதுபோற் செய்யப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருக்கின்றனர். அரைமணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பதும், ஒருவர் பரிவோடு தம் குறையைக் கேட்பதுமே அதிற் பெரும்பங்கு என்று நான் நினைக்கிறேன். மூலிகைச் சூரணங்களைப் பற்றிய சோதனைகளிற் பெரும்பாலானவை சிறியவை, சீராக நடத்தப்படாதவை. தாய் சி, எட்டுப் பட்டுத்துண்டு என்னும் மெதுவான அங்க அசைவுகளும் மூச்சுப் பயிற்சியும் மனத்தை ஓரளவு தணிப்பதாகத் தெரிகிறது. செலவும் அபாயமும் மிகக் குறைவாதலால் இவற்றையே நான் முதலிற் சொல்வேன்.

து யூயூ என்னும் சீன அம்மையார் மூலிகையினின்று மலேரியா மருந்தைக் கண்டு 2015-ல் நோபல் பரிசு பெற்றாரே என்று சிலர் வாதிப்பார்கள். உண்மைதான். ஆனால் அவர் பழைய நூலிற் குறிப்பைக் கண்டதோடு நில்லாமல், சத்தைப் பிரித்தெடுத்து, பிராணிகளிடத்தும் மனிதரிடத்தும் சோதித்து அதை நிலைநாட்டினார். அப்பெருமை சோதிக்கப்படாத சூரணத்திற்குச் செல்லாது.

அபாயங்களைச் சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. ஒரு வேருக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் மாறிப் புகுந்ததே காரணம். மனத்தை அடக்க அவர்கள் வழங்கும் பழைய மாத்திரைகள் சிலவற்றில் சாதிலிங்கம் சேரும். அது பாதரசம் கலந்த சரக்கு என்பதை நம் சித்த வைத்தியரே சொல்வார். அதிமதுரத்தைப் பல வாரம் மிகுதியாக உண்டால் இரத்த அழுத்தம் ஏறும். பொட்டாசியச் சத்துக் குறையும். ‘தாங் குயீ’ என்னும் வேர், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் உண்பவருக்கு இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும். பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்பாருக்கு எருக்கும் பச்சிலையே என்று விடை கூறலாம்.

ஆகவே நெஞ்சு படபடப்பவர் முதலில் டாக்டரிடம் சென்று தைராய்டு, இரத்தசோகை, இருதயம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்க. பதற்றத்திற்கென்று நெடுநாள் உண்ட மாத்திரையை, அதிலும் தூக்கமும் தணிவும் தரும் வகையை, ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் வரக்கூடும். குறைப்பதாயின் கொடுத்த டாக்டரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். சீன மருந்தும் உண்பதாயின் அந்தப் பொட்டலத்தையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுக. ஊசி குத்துபவர் ஒருமுறைக்கே உரிய புதிய ஊசியைக் கண்முன் பிரிக்கிறாரா என்று பார்த்துக்கொள்க. உயிரை விட்டுவிடலாமா என்ற பேச்சு ஒருவர் வாயில் வந்துவிட்டால், கஷாயத்திற்கும் ஊசிக்கும் அது நேரமன்று. அவரைத் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வரனைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மணி ஏழாகிவிட்டது. வீட்டில் இப்பொழுது யாரேனும் இவ்வித மருந்து உண்டு வந்தால், பெயர் சொல்லிச் சபையிற் கேட்கக் கூசுவோர் கூட்டம் முடிந்தபின் வாசற்படியண்டை என்னைத் தனியே கண்டு பேசலாம். அரைமணி நேரம் அங்கே இருப்பேன்.