வாழைக்குலைப் பாட்டும் இசைத்தட்டும்

கரீபியன் கடலிலுள்ள யமேக்காத் தீவிலிருந்து, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலே, வாழைக்குலைகள் பெருந்தொகையாகக் கப்பலேறின. ஆண்களும் பெண்களும் இரவிரவாகக் குலைகளைத் தலையிலே சுமந்து சென்று கப்பலில் ஏற்றுவர். பொழுது புலரும்போது அவர்கள் எதிர்பார்ப்பது கணக்குப்பிள்ளையின் வரவையே. அவர் எண்ணிக் குறித்தால்தான் கூலி உண்டு. அதன் பின்னரே வீடு செல்லலாம். அவ்வேளையில் ஒருவர் ஓரடியை எடுத்துக் கொடுக்க, மற்றையோர் ஒருமித்து மறுமொழி பாடுவர். அப்பாட்டை இயற்றியவர் இன்னாரென்று எவருமறியார். சுமையின் பாரமும் நடையின் தாளமும் சேர்ந்து அதனைப் பிறப்பித்தன எனலாம்.

இப்பாட்டை உலகறியச் செய்தவர் ஹரி பெலபொன்டே. 1927ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியிலே பிறந்த இவர், சிறுபிராயத்திற் சில ஆண்டுகளைத் தாயாரின் நாடாகிய யமேக்காவிலே கழித்தவர். முதலில் இரவு விடுதிகளிலே காதற் பாட்டுகளும் ஜாஸ் பாட்டுகளும் பாடிய இவருக்கு அத்துறையில் நிறைவு உண்டாகவில்லை. அதனைக் கைவிட்டு, வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு நாட்டார் பாடல்களைப் பயின்றார். 1956இல் வெளிவந்த இவருடைய ‘கலிப்சோ’ என்னும் இசைத்தட்டு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 31 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அதன் முதற் பாட்டு, துறைமுகத் தொழிலாளரின் இந்த விடியற் பாட்டேயாகும்.

இதனைப் பதிவு செய்த முதல்வர் இவரல்லர். றினிடாட் தீவினரான எட்ரிக் கொனர் 1952இலும், யமேக்காவின் புகழ்பெற்ற கவிஞர் லூயிஸ் பெனற் 1954இலும் இதனைப் பாடிப் பதிந்தனர். பெலபொன்டேக்காகச் சொற்களைத் திருத்தியமைத்தவர்கள் இர்விங் பேர்கி, வில்லியம் அற்றவே என்னும் இருவர். இவர்களுடைய பெயர்களும் பெலபொன்டேயின் பெயருமே ஆக்கியோர் பெயர்களாகப் பதிவாயின.

திருத்தத்தினால் விளைந்த ஒரு சிறு மாற்றம் கவனிக்கத்தக்கது. துறைமுகத்திலே குலையின் அளவு சீப்புக் கணக்கிலே பார்க்கப்பட்டது. ஒன்பது சீப்புடையதே முழுக்குலையாக மதிக்கப்பட்டது. ஆகவே பழைய பாட்டிலே சீப்புகளின் எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏறி முழுக்குலையில் முடியும். பெலபொன்டேயின் பாட்டிலோ சீப்பு மறைந்து அடிக்கணக்கு வந்துவிட்டது. கேட்போருக்கு அது குலையின் பருமனைக் கூறும் வருணனை. சுமந்தவருக்கோ அந்த எண்ணிக்கை அன்றைய உழைப்பின் கணக்கு. தட்டின் பெயரும் அத்தகையதே. கலிப்சோ என்பது றினிடாட் தீவின் இசைமரபு. இப்பாட்டோ யமேக்காவின் தொழிற்பாட்டு. ‘கலிப்சோ மன்னர்’ என்று பிறர் சூட்டிய பட்டத்தைப் பெலபொன்டேயும் விரும்பி ஏற்றாரல்லர்.

அவ்வாறாயின் நாட்டார் பாடலைப் புகழ்பெற்ற பாடகர் பாடுவது தீங்கோ எனின், அவ்வாறு ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. துறைமுகத்து ஏழைகளின் களைப்பையும் ஏக்கத்தையும் பல இலட்சம் வீடுகளுக்குள் கொண்டு சென்றது அந்தக் குரலே. பாட்டினால் வந்த பெயரையும் பொருளையும் அவர் தமக்கென்று மட்டும் வைத்திருக்கவில்லை. மாட்டின் லூதர் கிங் தலைமையில் நடந்த குடியுரிமைப் போராட்டத்துக்கு வாரி வழங்கினார். 1963இல் பேர்மிங்ஹாம் நகரிலே சிறைப்பட்டோரைப் பிணையில் மீட்கப் பணந்திரட்டினார்.

இன்னொரு பணியும் உண்டு. 1961 முதற் பத்தாண்டு காலம், கறுப்பின மக்களின் வழிபாட்டுப் பாட்டு, தொழிற்பாட்டு, சிறுவர் பாட்டு முதலியவற்றைப் பல பாடகரைக் கொண்டு பதிவு செய்வித்தார். அத்தொகுதி நெடுங்காலம் வெளிவராமற் கிடந்து, 2001இலேதான் ஐந்து தட்டுகளாக வெளிவந்தது. அதிலே அவருடைய குரல் பல குரல்களுள் ஒன்றாக ஒலிக்கின்றது.

பெலபொன்டே 2023இல் மறைந்தார். அவர் பாடிய விடியற் பாட்டு இன்றும் விருந்துகளிலும் விளையாட்டரங்குகளிலும் கேட்கின்றது. கைதட்டி மகிழ்வோர், அது கணக்குப்பிள்ளைக்காகக் காத்துநின்ற கூலியாட்களின் பாட்டு என்பதையும் ஒருகணம் நினைப்பாராயின், பெயர் தெரியாத அந்தப் புலவர்களுக்குச் செலுத்தவேண்டிய கடனிற் சிறுபங்காவது தீரும்.