கெப்போங் காட்டில் ஒரு காலை
(குடும்ப நல ஒன்றுகூடலில் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வி உதவி, மருத்துவ உதவி, மையித்துச் செலவு என்று கணக்குச் சொல்லியே பழகிய நாம், இன்று காட்டுக்குள் நடந்துவிட்டு வந்த கதையைச் சொல்ல எழுந்திருக்கிறோம். "நடப்பதற்கெல்லாம் டிரஸ்டா?" என்று நிர்வாகக் குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

நம் குடும்பங்களில் பல உணவகத் தொழிலை நம்பியவை. கடை இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும். அத்தா வேலை முடிந்து வரும்போது பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும். பிள்ளை திரும்பும்போது அத்தா தூக்கத்தில். சென்ற ஆண்டு கல்வி உதவி கேட்டு வந்த ஒரு சகோதரரிடம், மகன் என்ன படிக்கிறார் என்று கேட்டோம். "நாலாம் படிவம்" என்றார். பக்கத்தில் நின்ற பையன் தலையைக் குனிந்துகொண்டே, "அஞ்சாம் படிவம்" என்றான். விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டோம். ஆனால் அந்த வீட்டுக் குறை காசோலையில் தீருகிற குறையா?

அதனால்தான் கெப்போங் போனோம். கோலாலம்பூர் மையத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள வன ஆய்வுக் கழக வளாகம். ஃபிரிம் என்றால் எல்லோருக்கும் தெரியும். 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட இந்தக் காடு பெரும்பாலும் தானாக வளர்ந்ததில்லை. 1920களில் அங்கே இருந்தவை ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலம், காய்கறித் தோட்டம், லாலாங் புல். அதில் கன்று நட்டு வளர்த்தார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலக மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முப்பது வருடமாக இந்த ஊரில் இருந்தும் நாம் அதன் வாசலை மிதித்ததில்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சுப்ஹு தொழுதுவிட்டுக் கிளம்பினோம். ஒன்பது குடும்பங்கள். கைப்பேசி பைக்குள் இருக்க வேண்டும், கூட்டமாக நடக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகள்தான். ஒவ்வொரு குடும்பமும் முன்னால் போகிறவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகு புறப்பட்டது. முதல் நாள் மழை பெய்திருந்ததால் அட்டை இருந்தது. ஒரு மாமி உப்புப் பொட்டலத்தோடு வந்து எல்லார் காலையும் காப்பாற்றினார்.

காப்பூர் மரங்களின் கீழ் எல்லோரும் நின்றுவிட்டோம். அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் உச்சி இன்னொரு மரத்தின் உச்சியைத் தொடவில்லை. நடுவில் ஆறு ஓடுவதுபோல் வானம் தெரிகிறது. ஏன் இப்படி என்பதில் அறிஞர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. காப்பூர் என்பது நம் குர்ஆனில் வரும் காஃபூர் என்ற அதே சொல்தான். மையித்தைக் குளிப்பாட்டும்போது கடைசித் தண்ணீரில் கலக்கும் கற்பூரம் அந்தக் காலத்தில் இந்த மரத்திலிருந்து எடுக்கப்பட்டது. சுமத்ராவின் பாரூஸ் துறைமுகத்துக்கு அரபு வணிகர்கள் இதைத் தேடி வந்தார்கள். எத்தனை ஜனாஸாவுக்குக் கற்பூரம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்! மரத்தை அன்றுதான் பார்த்தோம்.

அந்தச் சகோதரரும் மகனும் நமக்குச் சற்று முன்னால் போனார்கள். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு அவர், ராமநாதபுரத்தில் சின்ன வயதில் கரிமூட்டத்துக்குக் கருவேல மரம் வெட்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கையில் இருந்த பழைய தழும்பையும் காட்டினார். பையன் அதுவரை அதைச் சமையல்கட்டில் பட்ட காயம் என்றே நினைத்திருக்கிறான். ஒட்டுக்கேட்டது தப்புதான், பாதை ஒற்றையடிப் பாதை, என்ன செய்வது? அருவிக்குப் போய்ச் சேரும்வரை அவர்கள் பேசிக்கொண்டே நடந்தார்கள்.

லுஹருக்கு முன்பே வீடு திரும்பிவிட்டோம். செலவு வேன் வாடகையும் பசியாறலும் மட்டும்.

இந்த மண்டபத்தில் கடை முதலாளிமார்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தச் சகோதரர் அன்று விடுப்பில் வரவில்லை. இரவு வேலை முடித்துவிட்டு, கண் மூடாமல் நேரே வேனில் ஏறினார். அடுத்த நடை, இன்ஷா அல்லாஹ், வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு. உங்களிடம் நன்கொடை கேட்கவில்லை. சனிக்கிழமை இரவு ஷிஃப்டில் ஆளை மாற்றி விடுங்கள். வருகிறவர்கள் காலை மூடும் சப்பாத்து, நீண்ட காலுறை, தண்ணீர் கொண்டு வரவும். இஷாவுக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

வஸ்ஸலாம்.